தேக்கா தொழுவம் முதல் லிம் சூ காங் குத்தகை வரை

சிங்கப்பூரில் விவசாயிக்கு அரசாங்க உதவி கிடைக்குமா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். “இந்த ஊரில் விவசாயி எங்கே இருக்கிறார்?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். இருக்கிறார். அவருக்கான உதவியும் இருக்கிறது. பயிர் வைப்பவருக்கும் மாடு வளர்ப்பவருக்கும் அரசாங்கத்துக்கும் இந்தத் தீவில் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. அந்தக் கதை கிராஞ்சியிலோ லிம் சூ காங்கிலோ தொடங்கவில்லை. நாம் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற தேக்காவில் தொடங்கியது.

பொங்கல் நேரத்தில் கேம்பல் லேன் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். லிட்டில் இந்தியா வணிகர்களின் சங்கமான லிஷாவின் ஏற்பாட்டில், பண்ணையிலிருந்து லாரியில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், காலடியில் பரப்பிய வைக்கோல். தடுப்புக்கு வெளியே கூட்டம் நெருக்கியடிக்கும். பாலை அட்டைப் பெட்டியில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சாணத்தின் வாடை எட்டியதும் மூக்கைப் பிடிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பாட்டி விடமாட்டார். “தொட்டுக் கும்பிட்டுக்கோய்யா, ஒன்னும் பண்ணாது” என்று பேரனின் கையைப் பிடித்து மாட்டின் நெற்றியில் வைப்பார். ஆண்டுக்குச் சில நாள் மட்டும் மாடு வந்துபோகும் இந்த இடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாடுதான் பிழைப்பு.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை. சிராங்கூன் சாலையின் இருபுறமும் தொழுவங்கள் எழுந்தன. பால் கறப்பவர், வண்டி ஓட்டுபவர், எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர், தோல் பதனிடுபவர் என்று மாட்டைச் சுற்றியே ஒரு பேட்டை வளர்ந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தான் அதில் பெரும்பங்கு. கெர்பாவ் ரோடு, பஃப்ளோ ரோடு, டெஸ்கர் ரோட்டை ஒட்டிய லெம்பு ரோடு ஆகியவை அந்தக் காலத்தின் மிச்சங்கள். மாட்டு வியாபாரியான ஐசக் பெலிலியோஸின் பெயரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூரர்கள் பிறந்த கே.கே. மருத்துவமனைக்கும் அங்கிருந்த எருமைத் தொழுவங்களை வைத்துத்தான் பெயர் வந்தது.

அன்றைய அரசாங்கம் இவர்களுக்கு என்ன செய்தது? உதவி என்று சொல்லும்படி அதிகம் இல்லை. உரிமம் கேட்டார்கள், கொட்டகையின் சுத்தத்தைப் பார்த்தார்கள், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்தார்கள், கலந்திருந்தால் வழக்குப் போட்டார்கள். நகரத்து மக்களின் உடல்நலத்துக்கு அது தேவைதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் அரசாங்கத்தின் வேளாண் உதவி வேறு பக்கம் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. 1888இல் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி ரப்பர் மரத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார். மரத்தைக் கொல்லாமல் பால் வடிக்கும் முறையைக் கண்டறிந்தார். தோட்டக்காரர்களைத் தேடித்தேடி விதை கொடுத்தார். மலாக்காவில் டான் சாய் யான் 1890களின் பிற்பகுதியில் ரப்பர் தோட்டம் போட்டதும் அந்த முயற்சியின் பலன்தான். மலாயாவின் ரப்பர் செல்வம், அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் வாழ்வும் சாவும், எல்லாமே ஓர் அரசாங்கத் தோட்டம் இலவசமாகக் கொடுத்த ஆலோசனையிலிருந்து கிளம்பியவை. ஆக, நிலம் உள்ளவருக்கு விதை வந்தது, மாடு மட்டுமே உள்ளவருக்குச் சம்மன் வந்தது. அன்றைய உதவியின் இந்தச் சாய்வை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

சதுப்பைத் தூர்த்து வீடுகள் பெருகப் பெருக, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மாட்டுத் தொழில் தேக்காவை விட்டு வெளியேறிவிட்டது. நகரத்துக்கு வெளியே கம்பங்களில் அது தொடர்ந்தது. புக்கிட் தீமா பக்கம் பிரிட்டிஷ் நிறுவனமான கோல்ட் ஸ்டோரேஜின் பெரிய பால்பண்ணை வேறு இருந்தது. ஐரோப்பியக் குடும்பங்களுக்குக் கிருமி நீக்கிய பால் வேண்டும் என்பதற்காக ஃபிரீஷியன் மாடுகளை இறக்கி வளர்த்தார்கள். நம்மவர்களின் பால் வேறு வழியில் வந்தது. விடியுமுன் கறந்து, சைக்கிளில் கேனைக் கட்டி, வீட்டு வாசலில் மணியடித்து ஊற்றிக் கொடுக்கும் பால்காரர்களை இன்றைக்கு அறுபதைத் தாண்டிய பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1959இல் சுயாட்சி வந்தபோது வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், கூட்டுறவு, கிராம மேம்பாடு ஆகியவற்றை ஒன்றாக்கி முதல்நிலை உற்பத்தித் துறை அமைந்தது. அரசாங்க உதவியின் ‘அன்று’ என்று நான் மனமாரச் சொல்வது இந்தத் துறையின் முதல் இருபது ஆண்டுகளைத்தான். அப்போது தீவின் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு விவசாயத்துக்குப் போயிருந்தது. காய்கறி, கோழி, பன்றி, வாத்து, மீன் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. முட்டை, கோழி, பன்றி இறைச்சியில் சிங்கப்பூர் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்ட காலம் அது. இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்ப யோசிப்பார்கள்.

அந்தத் துறையின் உதவி விவசாயியின் வாசலுக்கே வந்தது. கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட அதிகாரி கம்பத்துக்குள் வந்தார். எந்த உரம், எந்த விதை, பன்றிக்குட்டி ஏன் மெலிகிறது என்று களத்தில் நின்று பேசினார். செம்பவாங்கில் சோதனைத் தோட்டம் வைத்து, பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவருக்குக் காட்டினார்கள். படிவம் நிரப்பத் தெரியாத விவசாயிக்கும் அந்த உதவி கிடைத்தது. நடந்து வரும் அதிகாரிக்கு ஹொக்கியனோ தியோச்சியூவோ மலாயோ தெரிந்திருந்தால் போதும்.

அதே அரசாங்கத்துக்கு வேறொரு அவசரமும் இருந்தது. வீடு, தொழிற்சாலை, நீர்த்தேக்கம், விமான நிலையம், இராணுவம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். சின்ன நாடு. நிலம் எடுக்க வந்தவர்களும் அதிகாரிகள்தான். அவர்கள் கையில் தடுப்பூசிக்குப் பதிலாகப் பட்டியல் இருந்தது. குடிபெயர்ப்பவர்களுக்கு இழப்பீடு கணக்கிட வீட்டின் சுவர் எதனால் ஆனது, தரை சிமெண்டா மண்ணா, கிணறு உண்டா, மீன்குளம் எத்தனை, பன்றிக் கொட்டகை எவ்வளவு பெரியது என்று எழுதினார்கள். பழமரங்களையும் எண்ணினார்கள். காய்க்கும் ரம்புத்தானுக்கு ஒரு விலை, தென்னைக்கு ஒரு விலை. நிலம் பெரும்பாலும் அவர்களுடையது இல்லை. அதில் அவர்கள் வளர்த்தது மட்டுமே அவர்களுடையது. அதற்குத்தான் பணம் கிடைத்தது. பல குடும்பங்கள் அந்தப் பணத்தை வைத்து வீவக வீடு வாங்கின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அந்தப் பிள்ளைகள் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. பெற்றோரும் அதைத்தான் விரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1977இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் பத்தாண்டில் சுத்தமாக வேண்டும் என்றார். ஆறு கறுத்துப் போனதற்குப் பன்றிக் கழிவும் வாத்துப் பண்ணைகளும் முக்கியக் காரணம். காலாங் வடிநிலத்திலிருந்து 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் எடுக்கப்பட்டன. சிங்கப்பூரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்பது என் எண்ணம். இன்று மரினா அணைக்கு உள்ளே நாம் குடிக்கும் தண்ணீர் சேர்வதற்கு அந்த முடிவுதான் அடித்தளம். ஆனால் பன்றி வளர்த்தவர்களின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். எழுபதுகளில் அவர்களில் பலரை அரசாங்கமே பொங்கோலுக்கு அனுப்பிவைத்தது. அங்கே நவீனப் பண்ணை, கழிவுச் சுத்திகரிப்பு என்று முதலீடு செய்யச் சொன்னது. செய்தார்கள். 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவது என்று முடிவாயிற்று. தண்ணீரும் நிலமும் கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் கட்டுப்படியாகவில்லை. பத்தாண்டுகூட நிம்மதியாகத் தொழில் செய்ய முடியவில்லை. காய்கறிக்கோ ஆர்க்கிட் மலருக்கோ மீன் வளர்ப்புக்கோ மாற விரும்பியவர்களுக்கு உதவி கிடைத்தது. ஐம்பது வயதில் பன்றியை விட்டு ஆர்க்கிட்டுக்கு மாறுவது எத்தனை பேரால் முடியும்?

1986 முதல் விவசாயத்துக்குப் புது வடிவம் வந்தது. அதற்கு வேளாண் தொழில்நுட்பப் பூங்கா என்று பெயர். லிம் சூ காங், மூராய், சுங்கை தெங்கா, மண்டாய், நீ சூன், லோயாங் ஆகிய ஆறு இடங்களில் அரசாங்கமே சாலை போட்டு, வடிகால் வெட்டி, மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டது. தமிழ்நாட்டு விவசாயிக்குப் பட்டாவும் சிட்டாவும் எப்படியோ, சிங்கப்பூர் விவசாயிக்கு அந்தக் குத்தகைப் பத்திரம் அப்படி. பெரும்பாலும் இருபது ஆண்டு. அதற்குமேல் நிலம் யாருக்கு என்பதை அரசாங்கம் பிற்பாடு பார்த்துக்கொள்ளும்.

இங்கே 1989ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். விவசாயத் துறையும் அவரது அமைச்சின்கீழ், நகரத் திட்டமும் அவரது அமைச்சின்கீழ். தீவின் வடமேற்கு ஓரத்தில் சுங்கை பூலோ என்ற சதுப்புநிலம். இறால் குட்டைகளும் மீன் குட்டைகளும் கைவிடப்பட்டுக் கிடந்த இடம். புதிய வேளாண் பூங்காத் திட்டத்துக்கு அதையும் எடுத்துக்கொள்வதாக இருந்தது. ஆனால் பறவை ஆர்வலர்கள் அங்கே வேறொன்றைக் கண்டிருந்தார்கள். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கும் கரையோரப் பறவைகள் நடுவழியில் இறங்கி இரை தேடும் சேற்றுத் திட்டு அது. அன்று மலாயா இயற்கைச் சங்கம் என்று அழைக்கப்பட்ட அமைப்பின் சிங்கப்பூர்க் கிளை, அதைப் பாதுகாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு விரிவான கோரிக்கை எழுதியது. தனபாலன் செவிசாய்த்தார். 1989இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பரில் திறந்தது. 2002இல் 130 ஹெக்டேராக விரிந்து சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகமாயிற்று. வயலாகப் போயிருக்க வேண்டிய இடம் வயலைவிட அரியதாக நிலைத்தது. குடிமக்கள் சிலர் எழுதிய கோரிக்கை ஓர் அமைச்சரின் மேசையில் உதவியாக மாறிய நிகழ்வு இது. தமிழர்களான நம்மில் எத்தனை பேருக்கு இதில் தனபாலனின் பங்கு தெரியும்?

அதே 1989 ஜூலையில்தான் லிட்டில் இந்தியாவும் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கெர்பாவ் ரோட்டில் டான் தெங் நியாவின் பலவண்ண வீடு இன்று நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாடு போய்விட்ட இடத்தில் கட்டடங்களாவது தப்பின. புக்கிட் தீமாவின் பழைய பால்பண்ணையும் 2009இல் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. மாட்டுக் கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு, 1854இல் அந்தக் காட்டில் வண்டு பிடித்துத் திரிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் பெயரைச் சூட்டிக் கல்வி நிலையமாக்கினார்கள். சிங்கப்பூர் அரசாங்கம் பாதுகாக்க முடிவு செய்துவிட்டால் உறுதியாகப் பாதுகாக்கும் என்பதற்கு இவை சாட்சி. கேள்வி என்னவென்றால், அதே உறுதி உயிரோடு இருக்கும் பண்ணைக்கும் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. கிராஞ்சியிலும் லிம் சூ காங்கிலும் பண்ணைகள் மெல்ல வேரூன்றின. ஐவி சிங் லிம் 2000இல் தொடங்கிய பாலிவுட் வெஜிஸ் பண்ணைக்கு வார இறுதியில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வாழையில் இத்தனை வகையா என்று நம் பிள்ளைகள் வாய்பிளந்தது அங்கேதான். 2005இல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து கிராஞ்சி நாட்டுப்புறச் சங்கம் அமைத்தார்கள், பேருந்து விட்டார்கள். 2014இல் லிம் சூ காங்கின் 62 பண்ணைகளுக்குத் தகவல் வந்தது. குத்தகை முடிந்ததும் நிலம் தற்காப்புக்குத் தேவை. காரணம் நியாயமானது. ஆனால் தவளைப் பண்ணை, ஆட்டுப் பண்ணை, மீன் பண்ணை, கோழிப் பண்ணை நடத்தியவர்கள் அடுத்த சில ஆண்டுகளைக் கெடு நீட்டிப்பை எதிர்பார்த்தே கழித்தார்கள். கெடு நீண்டது, மறுபடி நீண்டது. எப்போது போகச் சொல்வார்களோ என்று தெரியாதபோது புதுக் கொட்டகைக்குக் கடன் வாங்க யாருக்குத் துணிவு வரும்?

மாற்று நிலத்துக்கு அரசாங்கம் ஏலம் அறிவித்தபோது முதலில் பத்தாண்டுக் குத்தகை என்றார்கள். பத்தாண்டில் போட்ட முதலே திரும்பாது என்று பண்ணைக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2017இல் அதை இருபதாக்கினார்கள். மொத்தம் 60 ஹெக்டேரில் 36 மனைகள். எடுத்துச் சொன்னால் கேட்கும் அரசாங்கம்தான் இது. சுங்கை பூலோவிலும் கேட்டது, இதிலும் கேட்டது. அதனால்தான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ‘இன்று’. முதல்நிலை உற்பத்தித் துறையின் பெயர் 2000இல் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் என்று மாறியது. 2019 ஏப்ரலில் அது பிரிந்தது. உணவு சிங்கப்பூர் உணவு அமைப்புக்குப் போயிற்று. விலங்கும் செடியும் தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போயின. உதவிக்குப் பணம் குறைவில்லை. 2014இல் வேளாண் உற்பத்தித்திறன் நிதியாக 63 மில்லியன் வெள்ளி. 2020இல் கொவிட் நேரத்தில், முட்டையும் கீரையும் மீனும் விரைவாகப் பெருக 30 மில்லியன் வெள்ளிச் சிறப்பு மானியம். 2021இல் வேளாண் உணவுத் துறை உருமாற்ற நிதிக்கு 60 மில்லியன். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு தொடர்பு அதிகாரியை நியமித்திருக்கிறார்கள். இது பழைய கம்பத்து அதிகாரியின் வாரிசு என்று சொல்லலாம், பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

ஆனால் உதவியைத் தேடும் முறை அடியோடு மாறிவிட்டது. நிறுவனப் பதிவெண் வேண்டும், சிங்பாஸ் வழியாக உள்ளே போக வேண்டும், திட்ட அறிக்கை எழுத வேண்டும், விலைப்புள்ளிகளை இணைக்க வேண்டும், உற்பத்தி எவ்வளவு உயரும் என்று கணக்குக் காட்ட வேண்டும். பெரும்பாலும் முதலில் நாம் செலவு செய்துவிட்டு, பிறகு அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெற வேண்டும். பொதுப்பணத்துக்குக் கணக்கு கேட்பது சரியே. என்றாலும் இந்த வாசல் யாருக்கு ஏற்ற உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்இடி விளக்கின்கீழ் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கும் புது நிறுவனத்துக்கு இது எளிது, அங்கே அறிக்கை எழுதவே ஆள் இருக்கும். ஐம்பது மாடு வைத்து, கோயில் அபிஷேகத்துக்கும் சில வீடுகளுக்கும் பால் ஊற்றும் குடும்பத்துக்கு? இரண்டு தலைமுறையாக மண்ணில் பசலையும் தண்டுக்கீரையும் போடும் முதியவருக்கு? உற்பத்தித்திறன் என்ற அளவுகோலில் அவர்கள் குள்ளமாகத்தான் தெரிவார்கள்.

2019இல் அப்போதைய அமைச்சர் மசகோஸ் சுல்கிஃப்லி அறிவித்த இலக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை நாமே விளைவிப்பது. அடுத்த ஆண்டே கொவிட் வந்து, மலேசியா எல்லையை மூடியபோது பேரங்காடி அடுக்குகள் காலியானதைப் பார்த்தோம். அந்த இலக்கு எவ்வளவு முன்யோசனையானது என்று அப்போது புரிந்தது. லிம் சூ காங்கில் 390 ஹெக்டேரை உயர்தொழில்நுட்ப உணவு வட்டாரமாக்கும் பெருந்திட்டமும் வந்தது. பிறகு மின்கட்டணம் ஏறியது. கட்டுமானச் செலவு ஏறியது. ஜொகூரிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் காலையில் வந்திறங்கும் கீரையின் விலையோடு போட்டியிட முடியாமல் மானியம் பெற்ற பண்ணைகளில் சிலவே மூடின. 2024இல் நாம் உண்ட காய்கறியில் உள்ளூர் விளைச்சல் சுமார் 3 விழுக்காடு, கடலுணவில் 6, முட்டையில் 34. முட்டையில் மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய பண்ணைகள் மூன்றிலொரு பங்கைத் தருகின்றன. அவை பல ஆண்டுகளாக நிலைத்து நின்று, படிப்படியாக இயந்திரமயமாகி வளர்ந்த பண்ணைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பரில் பழைய இலக்கை அரசாங்கம் மாற்றிவிட்டது. காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, கடலுணவு போன்ற புரதத்தில் 30 விழுக்காடு, கெடு 2035. எட்ட முடியாததை ஒப்புக்கொண்டு திருத்துவது நேர்மையான செயல். ஆனால் இந்தத் திருத்தத்திலிருந்து ஒரு பாடம் எடுக்க வேண்டும். அரசாங்கம் பணம் கொடுத்தது, இயந்திரம் கொடுத்தது. விவசாயிக்கு அவற்றைவிட அவசியமான இரண்டைக் குறைவாகவே கொடுத்திருக்கிறது. ஒன்று நீண்ட காலம், இன்னொன்று நிச்சயமாக வாங்கும் கை.

தமிழ்நாட்டில் 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, அரசு விவசாயிக்குப் பணமாக எதையும் கொடுக்கவில்லை. தராசு வைக்க இடமும், தரகர் இல்லாமல் நேரே விற்கும் உரிமையும் கொடுத்தது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்தத் திட்டம் நிலைத்திருக்கிறது. சிங்கப்பூர் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் தேக்கா ஈரச்சந்தையில் உள்ளூர்ப் பண்ணைக் கீரைக்கென்று ஒரு கடை, ஒரே ஒரு கடை, குறைந்த வாடகையில் இருக்கக்கூடாதா?

தோட்டம் போட ஆசைப்படும் சாதாரணக் குடிமகனுக்கு இன்று கிடைக்கும் உதவியில் எனக்குக் குறையே இல்லை. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இன்று ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். எந்த வீவக பேட்டைக்குப் போனாலும் புளோக்கின் அடியில் பச்சைக் கம்பி வேலிக்குள் ஒன்றைப் பார்க்கலாம். நான் அடிக்கடி எட்டிப் பார்க்கும் தோட்டத்தில் பாண்டான் இலைக்குப் பக்கத்தில் துளசி, கங்கோங் பாத்தியை ஒட்டி வெண்டை, வேலி ஓரத்தில் ஆளுயரக் கறிவேப்பிலை. சீனப் பாட்டி ஒருவரும் தமிழ்ப் பெரியவர் ஒருவரும் மலாயில் பேசிக்கொண்டே பூச்சி பிடிப்பார்கள். பெரியவரிடம் பக்கத்து புளோக் பெண், “அங்கிள், கொஞ்சம் கறிவேப்பிலை ஒடிச்சுக்கவா?” என்று கேட்டால், “கொத்தோட எடும்மா, ஒடிச்சாத்தான் துளிர்க்கும்” என்பார். தொட்டியில் தண்ணீர் தேங்கவிடாமல் ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். டெங்கி கொசு முட்டையிட்டால் அபராதம் என்பது ஒரு பக்கம், மேலே குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம்.

தனக்கென்று பாத்தி வேண்டும் என்பவருக்கு 2016 முதல் பூங்காக்களில் வாடகைப் பாத்திகள் உண்டு. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று ஆண்டுக் குத்தகை. ஆண்டுக் கட்டணம் நூறு வெள்ளிக்கும் குறைவு. போட்டி அதிகம் என்பதால் குலுக்கல். முருங்கைக்கும் வாழைக்கும் அதில் இடமில்லை, கீரைக்கும் மிளகாய்க்கும் தாராளம். 2020இல் கொவிட் நேரத்தில் கழகம் இலவச விதைப் பொட்டலம் தருவதாக அறிவித்தபோது நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ரிட்லியின் காலத்தில் விதை தோட்டத் துரைக்குப் போனது. நம் காலத்தில் அது மூவறை வீட்டின் தபால்பெட்டிக்கு வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் தொட்டிச் செடியால் நாட்டுக்குச் சோறு போட முடியாது. பண்ணை வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நன்றாக நடத்தும் பண்ணைக்கு முப்பது ஆண்டுக் குத்தகை, முடிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பிப்பைப் பற்றி உறுதியான பதில், சிறிய பண்ணைக்கென்று தனியாக ஓர் எளிய படிவம். சுங்கை பூலோவுக்காக எழுதியவர்கள்போல யாராவது விவரத்தோடு எழுதிக் கேட்க வேண்டும்.

வாங்கும் கை நம்முடையது. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் எத்தனை! தினம் அவை வாங்கும் கீரையிலும் முட்டையிலும் பத்தில் ஒரு பங்கை உள்ளூர்ப் பண்ணையோடு ஆண்டு ஒப்பந்தமாகப் பேசி வாங்கினால், அந்தப் பண்ணைக்காரர் தைரியமாக விதைப்பார். அபிஷேகப் பாலுக்கும் அன்னதானக் காய்கறிக்கும் நம் கோயில்களும் அப்படியே செய்யலாம். கடைக்காரர்களே, கோயில் நிர்வாகத்தாரே, அடுத்த பொங்கலுக்கு மாட்டைப் பார்க்க வருகிறவர்களில் நீங்களும் இருப்பீர்கள். அப்போது அதைக் கொண்டுவந்த பண்ணைக்காரரிடம் கொஞ்சம் பேசுங்கள். மீதி 360 நாளும் அவரிடமிருந்து என்ன வாங்கலாம் என்று கேளுங்கள்.